சிவப்புக் கிளைடரின் அளவு

அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் நான் பறக்கக் கற்றுக்கொண்டேன். வயது நாற்பதைக் கடந்திருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் நூலகராக இருந்தேன். மணமுறிவுக்குப் பிறகு மாற்றல் கேட்டு வாங்கி வந்த ஊர் அது. அப்போது தனி மாவட்டமாக ஆகியிருக்கவில்லை. மாடியில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். கீழ்வீட்டார் நல்லவர்கள், தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லக் குரல் கொடுப்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் எனக்கும் பேச எதுவும் இருந்ததில்லை.

பறப்பதற்கான எண்ணம் நூலகத்தின் மேல்தளச் சன்னலில் பிறந்தது. பிற்பகலில் மாணவர்கள் வராத நேரத்தில் அங்கே நின்றால் மேற்கே கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும். அதன் விளிம்பில் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் மேலேறுவதைத் தினமும் பார்த்தேன். சூடான காற்று அவற்றைத் தூக்குகிறது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். மனிதர்களும் அதே காற்றில் ஏறலாம் என்று இன்னொன்றில் இருந்தது. வேறு மாநிலத்தின் மலையூர் ஒன்றில் பயிற்சி தருகிறார்கள் என்று அறிந்து, விடுமுறையில் புறப்பட்டுப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் யார் என்று யோசித்தபோது எவருடைய முகமும் நினைவுக்கு வராததே காரணம்.

பாராகிளைடர் என்பது துணியால் ஆன இறக்கை. சட்டமோ இயந்திரமோ அதற்குக் கிடையாது. சரிவில் விரித்துவைத்துக் காற்றை எதிர்த்து ஓடினால் அதன் அறைகளில் காற்று நிரம்பி, அது தலைக்கு மேல் எழுந்து நிற்கும். மெல்லிய கயிறுகள் பல அதிலிருந்து இறங்கி, நாம் அமரும் வார் இருக்கையில் வந்து சேரும். பிறகு கால்கள் தரையைத் தேடிச் சில அடிகள் வெறும் காற்றில் ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்த எனக்குப் பல பறத்தல்கள் தேவைப்பட்டன.

பயிற்சியின்போது கிளைடர் இரவல். முடிந்தபின் சொந்தமாக வாங்க வேண்டும். என் பயிற்றுநர் குறைவாகப் பேசும் மனிதர்; என்னைவிட இளையவர். விடைபெறும் நாளில் அவர் கூறிய அறிவுரை எளிமையானது. புதியவர்களுக்கென்று வகுக்கப்பட்ட, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் ரகத்தையே வாங்குங்கள். துணி காற்றைக் கசியவிடுகிறதா, கயிறுகள் நீண்டோ சுருங்கியோ போயிருக்கின்றனவா என்று சோதிக்காமல் பழைய கிளைடரைத் தொடாதீர்கள். நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் எடைக்குரிய அளவை வாங்குங்கள். எடை என்றால் உடலின் எடை மட்டுமில்லை; இருக்கை, தலைக்கவசம், காலணி, அவசரப் பாராசூட், தண்ணீர், அந்தக் கிளைடர் ஆகிய அனைத்தும் சேர்ந்தது. கொஞ்சம் கூடினால் இறக்கை வேகம்கொண்டு சிலிர்க்கும். மிகவும் குறைந்தால் தளர்ந்து மடியப் பார்க்கும். நான் எங்கே பறக்கப்போகிறேன் என்று கேட்டார். வீட்டருகே உள்ள மலையில் என்றேன். அங்கே வேறு யார் பறக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர், அப்படியானால் இருப்பதிலேயே சாதுவான இறக்கையை வாங்குங்கள், அதுவும் உங்களுக்குச் சரியான அளவில், என்றார்.

ஊர் திரும்பிய பின் இணையத்தில் விற்பனைக்கு வந்தவற்றைத் தேடினேன். இரண்டு தேறின. ஒன்று நடுத்தர அளவு, சாம்பலும் வெள்ளையுமானது. வெளிமாநில முகவர் ஒருவர் விற்றார்; எதைக் கேட்டாலும் ஒரு வரியில் பதில் அனுப்புவார். மற்றது சிறிய அளவு, நல்ல சிவப்பு. அதை விற்றவர் புனேயில் குடியேறிய தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது குறைந்தவராக இருக்க வேண்டும்.

முதல் நாளே அவர் என்னை அக்கா என்றழைத்தார். ஏன் விற்கிறார் என்று கேட்டேன். முந்தைய பருவத்தில் ஒருமுறை முரடாகத் தரையிறங்கியதாகவும், கிளைடருக்கோ உடம்புக்கோ சேதமில்லை என்றாலும் அதற்குப் பிறகு மலைச் சரிவில் நின்றால் கை நடுங்குவதாகவும் சொன்னார். கணவர் எதுவும் சொல்லவில்லையாம். நிறுத்து என்று அவர் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன் என்றார். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். பேச்சு அதன்பின் வேறு விதமாக அமைந்தது.

கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் ஒரே உரையாடலில் அடங்கக்கூடியவை. எத்தனை மணி நேரம் பறந்தது, எங்கே வைத்திருந்தார், ஈரத்தில் மடித்ததுண்டா, கயிறுகளைக் கடைசியாக யார் அளந்தார்கள். நான் அவற்றை மாலைக்கு ஒன்றாகக் கேட்டேன். நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து, தேநீர் வைத்து, மொட்டைமாடிக்குப் போய் அழைப்பேன். பதில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் அவருடைய ஊர்மழை, என் ஊர்வெயில், அவர் அன்று செய்த குழம்பு, நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம். கிளைடர்களைப் பற்றி அவர் வீட்டில் யாரோடும் பேசமுடிவதில்லை. என் வீட்டில் பேசவே யாருமில்லை. இதை நாங்கள் இருவரும் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு மாலை அவர், வேறொருவர் வாங்க வந்தார், இன்னும் முடிவாகவில்லை என்று அனுப்பிவிட்டேன் என்றார். அன்றுதான் எடை பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது என்று எனக்குப் பட்டது. சிறிய அளவின் உச்ச வரம்பு எண்பத்தைந்து கிலோ. நடுத்தர அளவு எண்பதில் தொடங்கி நூறுவரை தாங்கும்.

இருக்கையையும் அவசரப் பாராசூட்டையும் பயிற்சிப் பள்ளியிலேயே வாங்கி வந்திருந்தேன். அவற்றைப் பெரிய முதுகுப்பையில் அடைத்து, கிளைடர் இருக்கவேண்டிய இடத்தில் அதே எடைக்கு அரிசி வைத்தேன். தலைக்கவசமும் தண்ணீரும் சேர்த்துக் காலணி அணிந்து, பையைச் சுமந்துகொண்டு மருந்துக்கடை எடை இயந்திரத்தில் ஏறினேன். பை பின்னுக்கு இழுத்தது. அந்தச் சிறு மேடையில் நிலையாக நிற்க முடியவில்லை. கடைக்காரர்தான் மண்டிக்குப் போகச் சொன்னார்.

பேருந்து நிலையத்திலிருந்து என் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மக்காச்சோள மண்டி இருந்தது. உழவர்கள் கொண்டுவரும் மூட்டைகளைப் பெரிய மேடைத் தராசில் ஏற்றி, எடையாளர் தண்டின்மேல் குண்டை நகர்த்தி எடையைக் கூவுவார். உள்ளே ஒருவர் எழுதிக்கொள்வார். நான் பையோடு அந்த மேடையில் ஏறியதும் மூட்டை தூக்குபவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். எடையாளருக்கு ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில் செருகிய மனிதர்.

"இன்னாங்க டீச்சரம்மா, மூட்டையத் தூக்கிக்கினு நீங்களே ஏறிட்டீங்க? ஆளு வேற, மூட்ட வேற இல்லீங்களா?"

இரண்டும் சேர்ந்துதான் வேண்டும் என்றேன். கல்லூரியில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் அந்த ஊரில் டீச்சரம்மாதான். அதை நான் திருத்தியதில்லை. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர், இது எந்த ஊர் லோடு என்று எடையாளரைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தராசுத் தண்டு என் முதுகுப்பக்கம் இருந்தது. திரும்பினால் தராசு ஆடும் என்று எடையாளர் அதட்டினார். குண்டு நகரும் ஓசை கேட்டது.

"எம்பத்திநாலு," என்று கூவினார்.

அன்று மாலை பயிற்றுநரிடம் சொன்னேன். வரம்பின் விளிம்பில் இருக்கிறீர்கள், ஆனாலும் உள்ளேதான் இருக்கிறீர்கள், பொறுமையான ரகம் என்பதால் ஒப்புக்கொள்கிறேன் என்றார். புனேக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மூச்சை விடுவது கேட்டது. துணியைச் சோதனைக்கு அனுப்பி, சான்று வந்ததும் பொதி கட்டுவதாகச் சொன்னார். சேரவேண்டிய தொகையை அதன்பின் அனுப்பினால் போதும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஏறி, மலைப்பாதையின் வளைவு ஒன்றில் இறங்கினேன். கிழக்குப் பார்த்த சரிவு ஒன்றை வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். நான் மட்டுமே இறங்கியதால், எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று நடத்துநர் இருமுறை கேட்டார். இங்கேதான் என்றேன். பேருந்து போன பின் அதன் ஓசை வெகு நேரம் மலைமடிப்புகளில் ஏறிக்கொண்டிருந்தது. சரிவின் விளிம்பில் புல் குட்டையாக இருந்தது. கீழே கோமுகி அணையின் நீர் ஒரு தகரத் துண்டாகக் கிடந்தது. அதைச் சுற்றி, எங்கு நோக்கினும் கரும்பு. கரும்பு ஆளுயரம் நிற்கும் மாதங்களில் இறங்க இடமில்லை. வெட்டு முடிந்த பின் தரிசாகும் வயல்களில் இறங்கலாம். கைக்குட்டையின் முனையைப் பிடித்து உயர்த்தினேன். காற்று நேராக முகத்தில் வந்தது, நல்ல சீரான காற்று. என் காலடிக்குக் கீழிருந்து ஒரு பருந்து எழுந்து, கண்மட்டத்தில் ஒரு கணம் நின்று, தலைக்கு மேலே போயிற்று.

அங்கே நிற்கும்போது, ஓடித் தரையை விட்ட பின் கீழே ஏதாவது நேர்ந்தால் யார் பார்ப்பார்கள் என்று எண்ணிப்பார்த்தேன். கரும்புக்குள் விழுந்தவளை வெட்டுக்கு வருகிறவர்கள்தாம் கண்டெடுப்பார்கள். அச்சமாக இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல்தான் இருந்தது. பிறகு, சிவப்பு இறக்கை இந்தப் பச்சைக்கு மேல் நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். இந்த இடத்தைப் பற்றி மாலையில் என்னென்ன சொல்வது என்று சொற்களை அடுக்கியபடியே அடுத்த பேருந்துக்காகக் காத்திருந்தேன்.

பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது மண்டி வாசலில் சச்சரவு. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து சோளம் கொண்டுவந்திருந்த ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"காஞ்சி கல்லாட்டம் கெடக்குது சோளம். இதுல ஈரம் எங்க கீது? எதுக்கு ரெண்டு கிலோ கழிக்கிற?"

எடையாளர் குண்டிலிருந்து கையை எடுக்காமலேயே பதில் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே கழிவுதான் தங்கச்சி. சாக்குக்கும் ஈரத்துக்கும் மூட்டைக்கு ரெண்டு. அன்னிக்குக் காலேஜ் டீச்சரம்மா மூட்டையோட ஏறி நின்னாங்க, அவுங்களுக்கே ரெண்டு கழிச்சித்தான் சொன்னேன். ஒனக்குன்னு தனியாவா கழிக்கிறேன்?" அப்போது என்னைப் பார்த்துவிட்டார். "தோ, அவுங்களே வராங்க. கேளு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குமா கழிச்சான்? நீங்க இன்னா, ஈரமாவா இருந்தீங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எடையாளரிடம் அது உண்மையா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. மூட்டை என்று ஒன்று தராசில் ஏறிவிட்டால் கழிக்காமல் எப்படிச் சொல்வது என்றார். எத்தனை ஆண்டுப் பழக்கம்; குண்டு நிற்கும் இடத்தைக் கண் பார்த்தாலும் வாய் இரண்டு குறைத்துத்தான் சொல்லுமாம். அதில் வஞ்சகம் ஏதும் இருக்கவில்லை. அந்த மண்டியில் அதுதான் எடை. வீட்டுக்குப் போய்ப் பையைக் கொண்டுவந்து மறுபடியும் ஏறினேன். இம்முறை கழிக்காமல் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சற்றுத் தடுமாறி, மெதுவாக, உள்ளே எழுதுபவருக்குக் கேட்காத குரலில், எண்பத்தாறு என்றார்.

அன்று மாலை நான் புனேக்கு அழைக்கவில்லை. மொட்டைமாடியில் நின்று என்னென்னவோ கழித்துப் பார்த்தேன். கனத்த காலணிக்குப் பதில் மெல்லியது. தண்ணீர் வேண்டாம். இரவுச் சாப்பாட்டை விட்டால் ஒரு மாதத்தில் உடம்பு இளைக்கும். சில நாட்கள் விட்டும் பார்த்தேன். நூலக ஏணியில் ஏறும்போது கண் இருட்டியது. பிறகு, சிவப்புக் கிளைடருக்குள் என்னை நுழைக்க ஏன் இத்தனை பாடுபடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சாம்பல் நிறக் கிளைடரின் ரகமும் அதேதான். வயது இன்னும் குறைவு. அதன் வரம்பில் நான் எந்தச் சிரமமுமின்றிப் பொருந்துவேன். அதை விற்பவரை மாலையில் அழைத்து மழை பெய்கிறதா என்று கேட்க முடியாது. வேறு குறை ஒன்றும் அதில் இல்லை.

பயிற்றுநரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும் என்பதால் அவரை அழைக்கவில்லை. புனேக்குத்தான் அழைத்தேன். மண்டியில் நடந்ததைச் சொன்னபோது அவர் மனம்விட்டுச் சிரித்தார். பிறகு நான் சொல்லவருவது புரிந்து, சிரிப்பு நின்றது.

"வரம்புக்கு மேல ஒரு கிலோதானேக்கா. நானே அதுக்கு மேல பறந்திருக்கேன். ஒண்ணும் ஆகல."

உங்களோடு அப்போது யார் இருந்தார்கள் என்று கேட்டேன். எப்போதும் நாலைந்து பேர் இருப்போம் என்றார். நான் கரும்பைப் பற்றியும், பேருந்து போன பின் அந்தச் சரிவு எப்படி இருந்தது என்பதைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். புனேயில் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"அப்ப, இனிமே கேக்குறதுக்கு ஒண்ணும் இருக்காது இல்லக்கா?"

இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் குரலுக்கு ஆறுதலாக ஒரு பொய்யைக் கொடுக்க மனம் வரவில்லை. தெரியவில்லை, ஆனாலும் அழைப்பேன் என்றேன். அவர் சரி என்றார். சோதனைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழைக்கவும் செய்தேன். கிளைடர் என்ற ஒன்று நடுவில் இல்லாமல் நாங்கள் பேசியது இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. மழையைப் பற்றிக் கேட்டதும் உடனே பதில் வந்தது. அதன்பின் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தினோம். மாலைதோறும் இருந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு மாதத்துக்கு ஒன்றாயிற்று.

முகவரிடம் வாங்கிய சாம்பல் நிறக் கிளைடர் ஐப்பசி மழைக்குப் பின் பார்சல் அலுவலகத்துக்கு வந்தது. பறப்பதற்கு முன் அதைத் தரையில் எழுப்பி, தலைக்கு மேல் நிறுத்திப் பழகவேண்டும். ஊருக்கு வெளியே, நீர் வற்றிய ஏரியின் ஓரத்தில் பரந்த திடல் இருந்தது. தை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் பையைச் சுமந்து அங்கே போனேன். தொலைவில் ஆடுகள் மேய்ந்தன. இருக்கையை மாட்டி, கயிறுகளைப் பிரித்து, காற்றுக்கு முகம் கொடுத்து இழுத்தேன். இறக்கை அவசரப்படாமல் எழுந்தது. ஒரு பக்கமும் சாயாமல் வந்து தலைக்கு மேல் நின்றது. கையிலிருந்த பிரேக் கயிற்றைத் தொட்டால் தாழ்ந்தது, விட்டால் மீண்டும் நிமிர்ந்தது. என் எடை அதற்குப் போதுமானதாக இருந்தது. அதன் இழுப்பு எனக்கும் போதுமானதாக இருந்தது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

காற்று தணிந்து இறக்கை தரையில் சரிந்த பின் புனேக்கு அழைத்தேன். முதல் முறையாக எழுப்பினேன் என்றேன். எப்படி வந்தது என்று கேட்டார். நேராக வந்தது என்றேன். அவருக்கு மகிழ்ச்சி என்பது குரலில் தெரிந்தது. பிறகு, சிவப்பைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சென்ற மாதம் ஒருவர் வந்து பார்த்தார், அன்றே எடுத்துப் போய்விட்டார்.

"அவரு எடை என்னன்னு நான் கேக்கவே இல்லக்கா," என்றார்.

சொல்வதற்குச் சில வாக்கியங்கள் இருந்தன. அவை எல்லாம் புத்தகங்களில் உள்ளவை. உங்கள் கை நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இப்போது சரிவில் நிற்பதே இல்லையே, எப்படித் தெரியும் என்றார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழைத்தபோது ஓரிரு முறை எடுக்கவில்லை. பின்னர் அந்த எண் வேறொருவருடையதாகிவிட்டது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கிளைடரை மடிக்கத் தொடங்கினேன். இருவராக மடித்தால் எளிது. ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் அறை அறையாகச் சேர்த்து, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிக்கொண்டே வரலாம். தனியாக மடிக்கிறவர் ஒரு பக்கத்தைச் சரிசெய்து நகர்வதற்குள் மறுபக்கம் காற்றில் புரண்டுவிடும். இரண்டு முறை புரண்டது. மூன்றாம் முறை என் காலணிகளைக் கழற்றி அந்த முனையின் மேல் வைத்தேன். அது அசையாமல் கிடந்தது. வெறுங்காலோடு மறுமுனைக்கு நடந்து போய், மண்டியிட்டு, முதல் அறையிலிருந்து தொடங்கினேன்.